18-வது சென்டர் கூட்டாளியிடம் இருக்கிறது

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெயில் இறங்கியதும், புதுவண்ணாரப்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் கேரம் பலகையைப் போட்டு அதன் மேல் ஐரோப்பாவை விரிப்போம். ஜெராக்ஸ் கடையில் பெரிதாக்கி எடுத்த வரைபடம். சோடா மூடிகளுக்கு 7 நிறத்தில் பெயின்ட் அடித்திருக்கிறோம், அவை தரைப்படை. பேனா மூடிகள் கப்பற்படை. காலாடிப்பேட்டையிலிருந்து இருவர், வியாசர்பாடியிலிருந்து ஒருவர், மற்றவர்கள் எங்கள் தெருவும் பக்கத்துத் தெருவும். மொத்தம் 7 பேர். ஆட்டத்தின் பெயர் டிப்ளமசி.

ஒருநாள் ராத்திரி ஆட்டம் முடிந்து எல்லோரும் பேசாமல் படி இறங்கிப் போனதைப் பார்த்துவிட்டு அம்மா கேட்டார்: "கூடப் பொறந்தவங்க மாதிரி இருக்கீங்க. உங்களுக்குள்ள ஏன்டா இப்படி ஒரு ஆட்டம்?" அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. அதன் பிறகு பல ஆட்டம் ஆடியாகிவிட்டது, இதைப் பற்றிக் கொஞ்சம் படித்தும் இருக்கிறேன். இந்த ஆட்டத்தில் கூட்டணி ஏன் உருவாகிறது, ஏன் உடைகிறது என்பதற்கு ஆடுகிறவர்களின் குணத்தில் பதில் தேடுவது வீண் என்று இப்போது நினைக்கிறேன். பதில் விதிப் புத்தகத்தில், இரண்டே விதிகளில் இருக்கிறது.

முதலில் ஆட்டம் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் படித்த ஆலன் கால்ஹேமர் என்பவர் 1954-ல் இதை உருவாக்கினார். முதல் உலகப் போருக்கு முந்தைய ஐரோப்பாவில் வல்லரசுகள் ஒன்றோடொன்று போட்டுக்கொண்ட ஒப்பந்தங்களும் அவை குலைந்த விதமும்தான் கரு. பெரிய கம்பெனிகள் எதுவும் எடுக்க முன்வராததால் 1959-ல் தானே 500 பெட்டிகள் தயாரித்து விற்றார். பிற்காலத்தில் தபால்காரராக வேலை பார்த்தார். இவருடைய ஆட்டத்தையே ஆட்கள் 1960-களில் தபாலில் ஆட ஆரம்பித்தார்கள், ஒரு நகர்வுக்கு ஒரு கடிதம் என்று. 2013-ல் காலமானார்.

சரி, விதிக்கு வருவோம். இங்கிலாந்து, பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி, ஆஸ்திரியா-ஹங்கேரி, ரஷ்யா, துருக்கி என்று 7 நாடுகள். வரைபடத்தில் 34 இடங்கள் சப்ளை சென்டர்கள், நாங்கள் வெறும் சென்டர் என்போம். எத்தனை சென்டர் கையில் இருக்கிறதோ அத்தனை படைதான் வைத்துக்கொள்ள முடியும். ரஷ்யா 4 படையோடும் மற்ற ஆறு நாடுகளும் தலா 3 படையோடும் தொடங்குகின்றன. ஆட்டத்தின் காலம் 1901-ல் தொடங்குகிறது. ஒவ்வொரு ஆண்டுக்கும் இரண்டு நகர்வு: ஸ்பிரிங் (வசந்தம்) ஒன்று, ஃபால் (இலையுதிர் காலம்) ஒன்று. ஃபால் முடிந்ததும் யாரிடம் எத்தனை சென்டர் என்று எண்ணுவோம். கூடியவர் புதுப் படை வைக்கலாம், குறைந்தவர் படையை எடுத்துவிட வேண்டும். 18 சென்டர் தொட்டவர் ஜெயித்தார்.

பகடை கிடையாது, சீட்டு கிடையாது. ஒவ்வொரு நகர்வுக்கும் முன்னால் பேச நேரம் உண்டு. முதல் நகர்வுக்கு அரை மணி நேரம், அப்புறம் கால் மணி நேரம். இருவர் தண்ணீர் டேங்க் பின்னால் போவார்கள், மூவர் படிக்கட்டில் உட்காருவார்கள், யாராவது கைப்பிடிச் சுவரோரம் தனியாக நின்று எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரி போவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். நேரம் முடிந்ததும் எல்லோரும் உத்தரவைத் துண்டுச் சீட்டில் எழுதி மடித்துப் போட வேண்டும். பிறகு எல்லாச் சீட்டையும் ஒரே நேரத்தில் பிரித்துப் படிப்போம். டேங்க் பின்னால் என்ன பேசினோம் என்பதற்கு மதிப்பே இல்லை. சீட்டில் எழுதியதுதான் நடக்கும்.

இனி நான் சொன்ன இரண்டு விதிகள். ஒன்று: எல்லாப் படைக்கும் ஒரே பலம். ஒரு படை ஒரு படையை அடித்தால் ஒன்றும் ஆகாது, இரண்டும் இருந்த இடத்திலேயே நிற்கும். தள்ளிவிட வேண்டுமானால் பக்கத்திலிருக்கும் இன்னொரு படை ஆதரவு தர வேண்டும், அப்போதுதான் 2-க்கு 1. மூன்றே படையோடு ஆரம்பிக்கிறவருக்குச் சுற்றி நாலு எதிரி இருந்தால் இந்தக் கணக்கில் அவரால் நகரவே முடியாது. ஆகவே அடுத்தவன் படை நமக்கு ஆதரவு தர வேண்டும். ஒரு நாட்டின் படை இன்னொரு நாட்டின் படைக்கு ஆதரவு தர விதி அனுமதிக்கிறது. கூட்டணி இங்கே ஒரு வசதி இல்லை, மூச்சு மாதிரி.

இரண்டு: ஜெயிப்பவர் ஒருவர்தான்.

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தனியாக நகர முடியாது, ஆனால் தனியாகத்தான் ஜெயிக்க முடியும். 34-ல் பாதி 17. இரண்டு பேர் கடைசி வரை நேர்மையாகச் சேர்ந்து ஆடி வரைபடம் முழுவதையும் சமமாகப் பங்கு போட்டால் ஆளுக்கு 17. இருவருமே ஜெயிக்கவில்லை. இன்னும் ஒன்று வேண்டும், அது கூட்டாளி கையில் இருக்கிறது. வேறு எங்கேயும் இல்லை. கால்ஹேமர் அந்த எண்ணைப் பாதிக்கு ஒன்று மேலே வைத்ததில்தான் இந்த ஆட்டத்தின் உயிர் இருக்கிறது என்பது என் எண்ணம்.

இன்னொரு கணக்கும் உண்டு. ஆரம்பத்தில் 34-ல் 22 சென்டர்கள் ஏழு நாடுகளின் சொந்த இடம். மீதி 12 யாருடையதும் இல்லை. முதல் ஓரிரு ஆண்டு அந்தப் பன்னிரண்டைத்தான் பிடித்துக்கொண்டிருப்போம், யாரும் யாரிடமிருந்தும் பிடுங்கத் தேவையில்லை. அந்தச் சமயத்தில் மாடியில் சிரிப்பும் பேச்சுமாக இருக்கும், டீ இரண்டாம் சுற்று வரும். பன்னிரண்டும் தீர்ந்த பிறகு ஒருவர் வளர்ந்தால் இன்னொருவர் தேய்ந்தே ஆக வேண்டும். குரல்கள் தணிவது அப்போதுதான். எந்த ஆண்டு என்று கையில் கடிகாரம் இல்லாமலே சொல்லிவிடலாம்.

எங்கள் பக்கம் கேரம் ஊர். இளவழகி வியாசர்பாடியிலிருந்து போய் உலக சாம்பியன் ஆனவர். 2024 உலகக் கோப்பையில் 3 தங்கம் வாங்கிய காசிமா எங்கள் புதுவண்ணாரப்பேட்டைப் பெண். கேரம் இரட்டையரில் எதிரே உட்காருகிறவர் நம் ஜோடி என்பது ஆட்டம் தொடங்கும்போதே முடிவாகிவிடும். பாயின்ட் இருவருக்கும் சேர்ந்து ஏறும். கடைசிக் காய் வரை அது மாற வழியில்லை என்பதால் யாரும் ஜோடியைச் சந்தேகப்படுவதில்லை. அதில் வளர்ந்த எங்களுக்கு டிப்ளமசியின் கூட்டணி முதலில் பிடிபடவே இல்லை. எதிரே உட்கார்ந்திருக்கிறவன் நம் ஜோடி என்றே நினைத்துக்கொண்டிருந்தோம்.

உண்மையில் அதற்கு நெருக்கமானது பாட்டியும் அத்தையும் ஆடிய தாயம். நாலு பேர் ஆடும்போது அவர்கள் இருவரும் ஒருவர் காயை ஒருவர் வெட்ட மாட்டார்கள். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டது கிடையாது, ஆனால் அப்படித்தான் நடக்கும். எங்கள் வீட்டு வழக்கப்படி ஒரு வெட்டாவது எடுத்திருந்தால்தான் உள் கட்டத்துக்குப் போகலாம். மற்ற இரண்டு பேரின் காய்களெல்லாம் மலையில் ஏறி உட்கார்ந்திருக்கும், வெட்ட முடியாது. வெட்டக் கிடைக்கிற ஒரே காய் அத்தையுடையதாக இருக்கும். பாட்டி ஒரு நிமிடம் கட்டையைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருப்பார். அப்புறம் வெட்டிவிடுவார். அத்தை அன்று ராத்திரி வரை முகம் கொடுக்க மாட்டார். அதுவும் குணத்தால் வந்ததல்ல. வெட்டு இல்லாமல் பழம் இல்லை என்ற விதியால் வந்தது.

ஆட்டத்துக்கு வெளியே நாம் நம்பி நடத்துகிற காரியங்கள் ஏன் இப்படி உடைவதில்லை? எங்கள் தெருவில் 20 பேர் சேர்ந்து ஏலச்சீட்டு போடுகிறார்கள். 4-வது மாதமே ஏலத்தில் எடுத்துப் பணத்தை வாங்கிக்கொண்டவருக்கு மீதி 16 மாதம் கட்ட என்ன நிர்ப்பந்தம்? வெறும் கணக்குப்படி பார்த்தால் அவர் நிறுத்திவிட வேண்டும். நிறுத்துவதில்லை, ஏனென்றால் அவர் நாளைக்கும் இதே குழாயடிக்கு வர வேண்டும், இதே கடையில் கடன் சொல்ல வேண்டும், அவர் பெண்ணுக்கு இதே தெருவில் பத்திரிகை வைக்க வேண்டும். நாளை என்று ஒன்று இருப்பதுதான் இன்றைய வாக்கைக் காப்பாற்றுகிறது. எப்போதாவது சீட்டில் ஆள் ஓடினால், ஊரைவிட்டே ஓடுகிறார். நாளையை அறுத்துக்கொண்டுதான் அதைச் செய்ய முடியும்.

இதையே ராபர்ட் ஆக்ஸெல்ராட் என்ற அமெரிக்க அரசியல் அறிஞர் கணினி நிரல்களை மோதவிட்டுப் பார்த்தார். இருவர் ஒவ்வொரு சுற்றிலும் ஒத்துழைக்கலாம் அல்லது ஏமாற்றலாம் என்கிற ஆட்டம், திரும்பத் திரும்ப. இரண்டு போட்டி நடத்தினார், இரண்டிலும் ஜெயித்தது அனடோல் ராப்போபோர்ட் அனுப்பிய மிகச் சின்ன நிரல். முதலில் ஒத்துழைக்கும், அப்புறம் எதிராளி போன சுற்றில் செய்ததை அப்படியே திருப்பிச் செய்யும். அவ்வளவுதான். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு ஒரு விவரம். முதல் போட்டியில் ஒவ்வொரு ஆட்டமும் 200 சுற்று என்று முன்கூட்டியே தெரியும். கடைசிச் சுற்று எது என்று தெரிந்துவிட்டால் அந்தச் சுற்றில் ஏமாற்றினால் திருப்பி அடிக்க நேரமில்லை. எதிராளிக்கும் அது தெரியும் என்பதால் 199-வதிலேயே ஏமாற்றத் தோன்றும். அப்படியே பின்னோக்கி வரும். இரண்டாம் போட்டியில் முடிவு எப்போது என்று யாருக்கும் தெரியாதபடி வைத்தார்.

எங்கள் மாடியில் இதை நாங்கள் சொந்தமாகவே அனுபவித்தோம். முதலில் ராத்திரி 10 மணிக்கு ஆட்டத்தை நிறுத்தி, அப்போது அதிக சென்டர் வைத்திருப்பவர் ஜெயித்தவர் என்று வைத்திருந்தோம். ஒன்பதரை ஆனால் போதும், ஆறு மணியிலிருந்து தோளில் கை போட்டிருந்தவர்கள் ஒரே சீட்டில் ஒருவரையொருவர் கழட்டி விட்டார்கள். நாலு மாதம் இதேதான். பிறகு விதியை மாற்றினோம்: 1907 முடிந்ததிலிருந்து ஒவ்வொரு ஆண்டும் பகடை போடுவோம், 1 அல்லது 2 விழுந்தால் ஆட்டம் அங்கேயே நிற்கும். அன்றிலிருந்து அந்தக் கடைசி நேரக் கூத்து குறைந்தது. துரோகம் நிற்கவில்லை. ஆனால் அதைச் செய்கிறவர் அடுத்த ஆண்டையும் யோசித்துத்தான் செய்ய வேண்டியிருந்தது.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன், அதில் நிறைய இருக்கிறது. நான் துருக்கி, என் நண்பன் ரஷ்யா. இது பழைய ஜோடி. இருவரும் சேர்ந்தால் கிழக்கே தடுக்க ஆளில்லாமல் உருண்டு வரும் என்பதால் இந்த ஆட்டம் ஆடுகிறவர்கள் இதை ஜகர்நாட் என்றே அழைக்கிறார்கள். நம் ஜகந்நாதர் தேரிலிருந்து போன சொல். இருவருக்கும் நடுவே கருங்கடல். முதல் நகர்வுக்கு முன்பே படிக்கட்டில் பேசினோம். "மச்சான், கருங்கடல் காலியா இருக்கட்டும். நீ கடல் வழியா மேற்கே போ, நான் நிலத்துல வரேன்." 5 ஆண்டு அந்த வாக்கு நின்றது. ஆளுக்கு 8 சென்டர். என் கப்பல்கள் இத்தாலியைத் தாண்டிப் போய்விட்டன, பின்னால் அங்காராவும் பல்கேரியாவும் காலி.

அந்தக் குளிர்காலத்தில் புதுப் படை வைக்கும்போது அவன் செவஸ்தபோலில் ஒரு கப்பல் வைத்தான். ஏன் என்று கேட்டேன். ருமேனியாவுக்குப் பாதுகாப்பு என்றான். நான் நம்பினேன். செவஸ்தபோலில் இருக்கும் கப்பல் கருங்கடலிலோ அதன் கரையிலோதான் நகர முடியும், அந்தக் கடலை விட்டு வெளியேற கான்ஸ்டான்டிநோபிள் வழியாகத்தான் போக வேண்டும், கான்ஸ்டான்டிநோபிள் என்னுடையது. அதாவது அந்தக் கப்பலுக்கு என்னைத் தவிர வேறு இலக்கே இல்லை. வரைபடத்தை அரை நிமிடம் பார்த்திருந்தால் போதும், நான் அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்பிரிங்கில் கப்பல் கருங்கடலுக்குள் வந்தது. அதற்கும் ஒரு காரணம் சொன்னான். ஃபாலில் கப்பல் அங்காராவுக்குள்ளும் ருமேனியாவிலிருந்த அவன் தரைப்படை பல்கேரியாவுக்குள்ளும் போயின.

எனக்குப் போனது இரண்டு சென்டர். ஆனால் எண்ணிப் பார்த்தபோது நான் 6, அவன் 10. நான் இரண்டு படையை எடுக்க வேண்டும், அவன் இரண்டு புதுசாக வைப்பான். ஒரே நகர்வில் வித்தியாசம் நாலு. முதுகில் குத்துகிறவர்கள் ஃபாலுக்காகக் காத்திருப்பது இதனால்தான். ஸ்பிரிங்கில் குத்தினால் குத்தப்பட்டவருக்குப் பதில் நகர்வு ஒன்று மிச்சம் இருக்கிறது. ஃபாலில் குத்தினால் எண்ணிக்கை உடனே வந்துவிடும்.

அன்றைக்கு நான் "துரோகி" என்று சத்தமாகவே சொன்னேன். அது தப்பு என்று இப்போது தெரிகிறது. அவன் செய்ததில் குறை இருந்தது, ஆனால் அது வேறு குறை. 8-8 இருக்கும்போது குத்தி 10 ஆனான். ஜெயிக்க இன்னும் 8 வேண்டும். அதுவரை ஒருவரையொருவர் அடித்துக்கொண்டிருந்த இங்கிலாந்தும் பிரான்சும் ரஷ்யா 10 என்றதும் கால் மணி நேரத்துக்குள் டேங்க் பின்னால் சேர்ந்துவிட்டார்கள். என்னிடம் 6 படை மிச்சம், ஜெயிக்க வாய்ப்பே இல்லை, கோபம் மட்டும் நிறைய. நான் எல்லாப் படையையும் ரஷ்யா பக்கம் திருப்பி, மேற்கே பிரான்சுக்கு வழி விட்டேன். பிரான்ஸ் 18 தொட்டது. ஜெயிக்க முடியாத ஆள் யார் ஜெயிக்க வேண்டும் என்பதை முடிவு செய்கிற நிலை இப்படித்தான் வருகிறது. பலரும் சேர்ந்து ஆடுகிற எல்லா வியூக ஆட்டத்திலும் இந்தத் தொல்லை உண்டு. ரிஸ்க்கில் உண்டு, கட்டானில் உண்டு. ஆனால் அவற்றில் பகடை இருப்பதால் பாதிப் பழியை அதன் மேல் போட்டுவிடலாம்.

அவன் இன்னும் நாலைந்து ஆண்டு என்னோடு சேர்ந்தே ஆடி, அவன் 15, நான் 12 என்று வந்த பிறகு ஒரே ஃபாலில் என்னிடமிருந்து 3 எடுத்திருந்தால் ஆட்டம் அந்த நொடியே முடிந்திருக்கும். என் கோபத்துக்கு வேலையே இருந்திருக்காது. அரைகுறையாகக் குத்துவதுதான் இந்த ஆட்டத்தில் மிக மோசமான நகர்வு. எதிரியை உருவாக்குகிறது, அவனைத் திருப்பி அடிக்கும் பலத்தோடும் விட்டுவைக்கிறது. கைதேர்ந்தவர்கள் ஒரு ஆட்டம் முழுக்க ஒரே ஒருமுறை வாக்கு மீறுவார்கள், சிலர் அதுகூட இல்லை. அதுவரை அவர்கள் சொன்னதெல்லாம் நடந்திருக்கும். நம்பகம் இங்கே ஒரு சேமிப்பு, ஒரே தடவைதான் எடுக்க முடியும்.

வாக்கு மீறலுக்கு இன்னும் மெலிதான வடிவங்களும் உண்டு. ஆதரவு தருகிறேன் என்று சொல்லிவிட்டுச் சீட்டில் ஊர்ப் பெயரைத் தப்பாக எழுதுவது. தப்பான உத்தரவு செல்லாது, அந்தப் படை சும்மா நிற்கும். "ஐயோ, அவசரத்துல மாத்தி எழுதிட்டேன்" என்று தலையில் கை வைத்தால் நம்புவதா வேண்டாமா? ஒருமுறை நம்பலாம்.

2022 நவம்பரில் மெட்டா நிறுவனம் சிசரோ என்ற செயற்கை அறிவை இந்த ஆட்டத்தில் இறக்கியது பற்றி அறிவித்தது. இணையத்தில் மனிதர்களோடு 40 ஆட்டம் ஆடியது. ஒன்றுக்கு மேற்பட்ட ஆட்டம் ஆடியவர்களில் முதல் 10 சதவீதத்துக்குள் வந்தது, சராசரி ஆட்டக்காரரைவிட இரு மடங்குக்கு மேல் மதிப்பெண் எடுத்தது. அந்த நேரத்தில் தான் எதைச் செய்யத் திட்டமிட்டிருக்கிறதோ அதற்கு ஒத்த செய்தியையே அனுப்பும்படி அதை வடிவமைத்திருந்தார்கள். ஆனாலும் அதன் உரையாடல்களைப் பிறகு படித்த வேறு ஆய்வாளர்கள் அது வாக்கு மீறிய இடங்களைச் சுட்டிக்காட்டினார்கள். சொல்லும்போது உண்மைதான், அடுத்த நகர்வில் கணக்கு மாறிவிட்டது. என் நண்பனும் இதையேதான் சொன்னான், ஒரு மாதம் கழித்து, எங்கள் தெருமுனை டீக்கடையில்: முதல் ஆண்டு கருங்கடலைப் பற்றிப் பேசியபோது அவன் மனதில் வேறு எதுவும் இல்லையாம். அந்த 8-8-ஐப் பார்த்த பிறகுதான் தோன்றியதாம். நான் அதை நம்புகிறேன்.

போன தடவை யாருக்கு எந்த நாடு என்று சீட்டு எடுத்தபோது எனக்கு இத்தாலி, அவனுக்கு ஆஸ்திரியா. வரைபடத்திலேயே மோசமான அண்டை இதுதான். வெனிஸும் ட்ரியெஸ்டேவும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஆரம்பத்திலேயே இரண்டு நாடுகளின் சொந்த சென்டர்கள் ஒன்றையொன்று தொடுவது அந்த ஒரு இடத்தில் மட்டும்தான், ஒண்டுக்குடித்தனத்தில் நடுச்சுவர் மாதிரி. ஒருவர் கை வைத்தால் இன்னொருவருக்குத் தப்ப வழியில்லை. அதனாலேயே நாங்கள் இந்தத் தடவை வாக்கை நம்பி ஆடவில்லை. வெனிஸ் படையை நான் தெற்கே இறக்கினேன், அவன் ட்ரியெஸ்டே கப்பலைக் கீழே அல்பேனியாவுக்கு அனுப்பினான். சுவருக்கு இரண்டு பக்கமும் ஆளில்லை. ஒவ்வொரு குளிர்காலத்திலும், அந்த இரண்டு ஊரிலும் யாரும் புதுப் படை வைப்பதில்லை என்று பேசிக்கொண்டோம். வைத்தால் மற்றவர் கண்ணுக்கு உடனே தெரியும், திருப்பி அடிக்க அவருக்கு ஒரு முழு ஆண்டு இருக்கும்.

1909 ஃபால் முடிந்தபோது நான் 14, அவன் 15, பிரான்ஸ் 5. பகடையில் 5 விழுந்தது, ஆட்டம் தொடரும். மிச்சமிருக்கும் எல்லோரும் சம்மதித்தால் டிரா என்று முடித்துக்கொள்ள விதியில் இடம் உண்டு. பிரான்ஸ் உடனே சம்மதித்தது. அவன் வரைபடத்தையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். என்னிடமிருந்து 3 எடுத்தால் 18. நானும் அந்த மூன்று எது எதுவாக இருக்கும் என்றுதான் எண்ணிக்கொண்டிருந்தேன், இரண்டுக்கு மேல் கண்ணில் படவில்லை. அவனுக்கும் படவில்லை போல. டிரா என்றான்.